அடுப்படிக்கு ஒரு டேட்டா சிம்

அண்ணனை இனி மலையிலிருந்து இறக்கக் கூடாது. அதற்காகத்தான் அன்று கொடைக்கானல் கடைத்தெருவில் ஒரு செல்போன் கடையின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

அவருக்கு வயிற்றில் புற்று. மதுரையில் ஒரு மருத்துவமனையில் பார்த்தோம். அறுவை சிகிச்சைக்குக் காலம் கடந்துவிட்டது என்று சொல்லி வலி தணிக்கும் பிரிவுக்கு அனுப்பினார்கள். மன்னவனூரிலிருந்து அங்கே போவதென்றால் கொடைக்கானல் வரை ஒரு மலைச்சாலை, அங்கிருந்து வத்தலக்குண்டு வரை இன்னொரு மலைச்சாலை, பிறகு வெயில். இரண்டாவது முறை கூட்டிப்போனபோது வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தார். வத்தலக்குண்டில் காரை நிறுத்தி டீக்கடை பெஞ்சில் படுக்கவைத்தோம். துண்டை எடுத்து முகத்தின் மேல் போட்டுக்கொண்டார். வெயிலுக்காக என்று நினைத்தேன். துண்டுக்குள்ளிருந்து பேசினார்.

"ஏலே, இனிமே என்னைய எறக்காதடா. மேலேயே கெடந்துட்டுப் போறேன்."

அன்று மருத்துவரிடம் இதைச் சொன்னேன். நடுத்தர வயதுப் பெண்; எதையும் இரண்டு முறை சொல்லாதவர். "வாரம் ஒரு தடவை நான் அவரைப் பார்க்கணும். குரல் மட்டும் போதாது. கண்ணு, வயிறு, அவர் உட்கார்ற விதம், இதெல்லாம் பார்த்தாத்தான் மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியும். நடுவுல அறுந்துபோகாம வீடியோ கால் வர்ற மாதிரி ஏற்பாடு பண்ணுங்க. பண்ணிட்டீங்கன்னா அவர் வர வேண்டாம்" என்றார். புதன்கிழமை பிற்பகல் என்று நேரமும் குறித்துக்கொடுத்தார். மாத்திரைகளை நாங்கள் யாராவது போய் வாங்கிவந்தால் போதும்.

என்னிடம் ஒரு டேப்லெட் இருந்தது. நாளிதழ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் பத்திரிகைகள் படிக்க வாங்கியது. அதில் சிம் போட இடமில்லை. ஆகவே ஒரு வைஃபை பெட்டியும், அதற்குள் போட டேட்டா மட்டும் உள்ள ஒரு சிம்மும் தேவைப்பட்டன.

கடைக்காரர் என்னைச் சுற்றுலா விடுதிக்காரன் என்று எண்ணிவிட்டார். "டேட்டா ஒன்லியா சார்? எந்த ஏரியா ஹோம்ஸ்டே?"

"மன்னவனூர். வீட்டுக்குத்தான்."

"மன்னவனூரா? அங்க நெட்டு பார்க்கவா சார் போறாங்க? நெட்டு இல்லாம இருக்கத்தான போறாங்க." சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்துவிட்டு ஒரு பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். சோப்புப் பெட்டி அளவு, கறுப்பு நிறம், உள்ளேயே பேட்டரி. "இந்த சிம்முல பேச முடியாது. மெசேஜெல்லாம் நீங்க குடுக்கிற உங்க நம்பருக்குத்தான் வரும். நெட்டு மட்டும்தான். பேக் ரெண்டு டைப் இருக்கு. டெய்லி பேக்னா ஒரு நாளைக்கு இவ்வளவுன்னு குடுப்பான். தீர்ந்துச்சுன்னா ஸ்பீடு விழுந்துரும், ராத்திரி பன்னெண்டு தாண்டினா திரும்ப வந்துரும். பல்க் பேக்னா மாசத்துக்கும் சேர்த்து மொத்தமாக் குடுத்துருவான். ஒரே நாள்ல முடிச்சாலும் சரி, பொத்திப் பொத்தி வெச்சாலும் சரி. டூரிஸ்ட்டுக எல்லாம் டெய்லிதான் கேப்பாங்க."

விளம்பரத்தில் பெரிய எழுத்தை விட்டுவிட்டு அடியில் இருக்கும் சிறிய எழுத்தைப் படிப்பது என் பழைய வேலை. இரண்டு அட்டைகளையும் வாங்கிப் படித்தேன். எங்களுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் அழைப்பு. தினசரிப் பேக் எடுத்தால் மற்ற நாட்களின் டேட்டா வீணாகும். புதன்கிழமை அழைப்பு நீண்டுபோனால் அன்றைய அளவு போதாமலும் போகலாம். மொத்தப் பேக் எடுத்தேன்.

"எந்த கம்பெனி சார்?" என்றார். அதை நான் முன்பே முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

எங்கள் ஊரில் கம்பெனியின் பெயர் சொல்லி யாரும் சிம் வாங்குவதில்லை. மேட்டில் நிற்பது மேட்டு டவர், எதிரே ஆட்டுப் பண்ணைப் பக்கம் நிற்பது பண்ணை டவர் என்று இரண்டு. மேட்டு டவர்க்காரர்கள் ரோட்டு வளைவுக்கு வந்து பேசுவார்கள். பண்ணை டவர்க்காரர்கள் குளத்துக்கரையில் நிற்பார்கள். சாயங்காலம் அந்தப் பக்கம் போனால் யார் எந்த சிம் என்பது நிற்கும் இடத்திலிருந்தே தெரிந்துவிடும். எது நல்ல சிம் என்று கேட்டபோது எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "மேட்டு டவர்தான். வளைவுல நின்னா மெட்ராஸ்காரன் மூச்சு விடுறதுகூடக் கேக்கும்." ஊரில் பெரும்பாலோர் அப்படித்தான் வாங்கியிருந்தார்கள். நின்று பேச எந்த இடம் நல்லது என்று பார்த்து வாங்குவார்களே தவிர, வீட்டுக்குள் எது எடுக்கும் என்று பார்ப்பதில்லை. போன் என்றால் எழுந்துபோய்ப் பேசுவது என்றாகிவிட்ட ஊர்.

அண்ணனால் எழுந்து போக முடியாது. அதனால் டவருக்கு ஒன்றாக இரண்டு போன்களை இரவல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் அறை அறையாக நடந்தேன். முன்கூடத்து ஜன்னலோரம் இரண்டுமே கொஞ்சம் எடுத்தன. அடுப்படியில் இரண்டும் செத்துப்போயின.

அண்ணன் படுத்திருந்தது அடுப்படியில். மேல்மலை ஊர்களில் நோயாளியை அங்கேதான் படுக்கவைப்பார்கள். காற்று புகாமல் இருக்க அந்த அறையை வீட்டின் பின்பக்கம் மலைச்சரிவோடு ஒட்டிக் கட்டுவார்கள். பின்சுவர் பாதிக்கு மேல் மண்ணுக்குள் இருக்கும், மேலே தகரம். தகரத்துக்கும் அடுப்புக்கும் நடுவில் பரண். அறுவடையான பூண்டைக் கொத்துக் கொத்தாகக் கட்டி அங்கே தொங்கவிடுவார்கள். புகையில் காய்ந்தால் அடுத்த விதைப்பு வரை கெடாது. வெதுவெதுப்பாக இருக்கும். சிக்னலுக்கு அதைவிட மோசமான அறை கிடையாது.

திருப்பூரிலிருந்து விடுப்பில் வந்திருந்த அண்ணன் மகன், "அப்பாவை ஹாலுக்கு மாத்திரலாம்" என்றான். மதினி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "குளிர்ல போட்டு அவரை வெரசா அனுப்பவா?" என்றார். பேச்சு அதோடு முடிந்தது.

பரண் மேல் ஏறிப் பார்த்தேன். சுவரும் தகரமும் சேரும் முனையில் புகை போக ஒரு திறப்பு விட்டிருந்தார்கள். அங்கே பண்ணை டவர் மூன்று கோடு காட்டியது. மேட்டு டவர் அங்கேயும் இல்லை. பெட்டியை அந்தத் திறப்பில் வைத்து, டேப்லெட்டைக் கீழே அண்ணனிடம் கொடுத்தால் நடக்கும். இப்படித்தான் பண்ணை டவர் சிம் என்று முடிவானது.

கடையிலிருந்து வாங்கிவந்த பெட்டியைப் பூண்டுக் கொத்துகளுக்கு நடுவே கயிற்றில் கட்டினேன். மதினியின் தம்பி வடகவுஞ்சியிலிருந்து வந்திருந்தார். கீழே நின்று சார்ஜர் வயரைப் பிடித்துக்கொண்டார். "என்ன மச்சான், பூண்டோட சேத்து நெட்டையும் காயப் போடுறீங்க? நாளைக்கு டாக்டரம்மாவுக்கு அங்கன தும்மலு வரப்போகுது."

அண்ணன் சிரித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "அட சும்மா கெடய்யா. சிரிச்சா வலிக்குது."

முதல் புதன்கிழமை படம் தெளிவாக வந்தது. மருத்துவர் வெளிச்சத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் கொண்டுவரச் சொன்னார். கண்ணைக் கீழே இழுத்துக் காட்டச் சொன்னார். அண்ணனை எழுந்து உட்காரச் சொல்லி, அவர் எந்தக் கையை ஊன்றுகிறார் என்று பார்த்தார். மேலே என்ன தொங்குகிறது என்று கேட்டார். "பூண்டுங்கம்மா. இவரு கையால வெச்சது" என்று மதினி சொன்னார். மருத்துவர் ராத்திரி மாத்திரையை அரை அளவு கூட்டினார். அந்த வாரம் அண்ணன் கஞ்சி குடித்தார். ஒரு நாள் மதியம் காரட் லாரி ஹாரனைக் கேட்டு அது யாருடைய லாரி என்று சரியாகச் சொன்னார்.

நோவு பார்க்க ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். ஒருவர் படுத்துவிட்டார் என்று தெரிந்தால் உறவுக்காரர்கள் ஊர் ஊராக வந்து பார்ப்பது வழக்கம். வடகவுஞ்சியிலிருந்து, கீழே வத்தலக்குண்டிலிருந்துகூட வந்தார்கள். முற்பகல் பஸ்ஸில் வந்து இறங்கினால் சாயங்கால பஸ் வரை இருந்தாக வேண்டும். நோயாளியிடம் பேச அவ்வளவு நேரத்துக்கு எதுவும் இருக்காது. கொஞ்ச நேரம் கையைப் பிடித்துக்கொண்டு இருப்பார்கள், பிறகு முன்கூடத்துக்கு வந்துவிடுவார்கள். அவர்கள் போனுக்கு அங்கே டவர் சரியாக எடுக்காது. அப்போதுதான் போனில் எங்கள் வைஃபையின் பெயர் கண்ணில் படும்.

மூன்றாவது புதன்கிழமை அண்ணனின் கண்கள் மஞ்சளாக இருந்தன. முந்தைய இரவெல்லாம் முனகியிருந்தார். அழைப்பு வந்தது. மருத்துவர் குனிந்து திரையருகே வந்தார். "கண்ணைக் காட்டுங்க. இன்னும் கிட்ட. சரி. இனிமே ராத்திரி மாத்திரையை..." என்றார். வாய் பாதி திறந்தபடி படம் நின்றது. பிறகு சிறு வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது. மறுபடி அழைத்தோம். முகம் கட்டம் கட்டமாகச் சிதறி வந்து போய்விட்டது.

அண்ணன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன சொன்னாக? கூட்டச் சொன்னாகளா, குறைக்கச் சொன்னாகளா?"

நான் ரோட்டு வளைவுக்கு ஓடினேன். என் போன் மேட்டு டவர். அங்கே போனதும் வரிசையாகச் செய்திகள் விழுந்தன. அவற்றில் ஒன்று டேட்டா சிம்முக்கானது: பேக் தீர்ந்துவிட்டது. மருத்துவரை அழைத்தேன். வார்டில் இருந்து பேசினார். "மஞ்சள் இருக்கு. ஈரல் எப்படி இருக்குன்னு தெரியாம மருந்தைக் கூட்டினா ஆபத்து. பாதிதான் பார்த்தேன், அதை வெச்சு நான் எழுத மாட்டேன். நாளைக்குக் கூட்டிட்டு வந்துருங்க."

ஒரே ஒரு தடவை மட்டும் மறுபடி முயற்சி செய்ய அனுமதி கேட்டேன். "காலையில வார்டுக்குப் போறதுக்கு முன்னாடி கூப்பிடுறேன். கிடைக்கலைன்னா அந்த நிமிஷமே கிளம்பிரணும். வலியோட அவரை அங்க வெச்சிருக்கிறது நியாயம் இல்லை."

வீட்டுக்குத் திரும்பி விஷயத்தைச் சொன்னேன். அண்ணன் மகன் அதற்குள் தெரிந்த ஒருவரிடம் காருக்குச் சொல்லிவிட்டிருந்தான். "சித்தப்பா, வெள்ளனே வண்டி வந்துரும். நெட்டு கெடைச்சாப் பேசுங்க. கெடைக்கலைன்னா நான் தூக்கி வெச்சுக்கிட்டுப் போயிருவேன். ஒரு சிம்ம நம்பி எங்கப்பாவை இப்படித் துடிக்கவிட முடியாது." அவன் சொன்னதில் தவறில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்த அண்ணனுக்கு இது கேட்டிருக்கும்.

மதினியைத் தனியே அழைத்துக் கேட்டேன், வைஃபை பாஸ்வேர்டை யாருக்காவது கொடுத்தாரா என்று. அவர் என்னை ஆச்சரியத்தோடு பார்த்தார்.

"வந்தவுக எல்லாருக்கும்தான் குடுத்தேன். காப்பி குடுத்தேன், கேட்டாக, அதையும் சொன்னேன். மனப்பாடமா இருக்குல்ல."

"அதனாலதான் மதினி தீர்ந்துபோச்சு. மாத்திருறேன். புதுசை யாருக்கும் சொல்லாதீங்க."

"அது எப்படி தம்பி? எங்கிட்டு எங்கிட்டு இருந்தெல்லாமோ பஸ்ஸைப் பிடிச்சு வந்து உங்க அண்ணன் கையைப் பிடிச்சு அழுறாக. ஊருக்கு ஒரு வார்த்தை சொல்லிக்கிறேன் மதினின்னு கேக்குறப்ப, வீட்டுல இருக்கிறதை இல்லைன்னு சொல்லவா? நாளைக்கு இவரு போன பெறகு இந்த வீட்டுப் படியில யாரு ஏறுவா?" குரலை உயர்த்தாமல்தான் பேசினார். "வேற என்ன வேணாலும் செய்ங்க. அதை மட்டும் என்னால சொல்ல முடியாது."

மறுபடி வளைவுக்கு நடந்தேன். பனி இறங்கிவிட்டது. எதிரே பண்ணை தெரியவில்லை. போனில் அந்தக் கம்பெனியின் பேக்குகளைத் திறந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். மொத்தப் பேக்கையே மறுபடி போடக் கையில் பணம் இருந்தது. போட்டால் மறுநாள் காலை நிச்சயம் கிடைக்கும். அடுத்த புதன்கிழமை, அதற்கடுத்த புதன்கிழமை பற்றி உறுதி சொல்ல முடியாது. அண்ணன் இளைக்க இளைக்க ஆட்கள் இன்னும் அதிகமாகத்தான் வருவார்கள்.

கடைக்காரர் சுற்றுலாக்காரர்களுக்கு என்று சொன்ன தினசரிப் பேக் கடைசியில் இருந்தது. அதன் சிறிய எழுத்தை இரண்டாம் முறை படித்தேன். எவ்வளவு பேர் எவ்வளவு பார்த்தாலும் அன்றைய அளவுதான் தீரும்; நள்ளிரவு தாண்டினால் புதிய நாள். நோவு பார்க்க வருகிறவர்கள் முற்பகல் பஸ்ஸுக்கு முன்னால் யாரும் வர முடியாது. மருத்துவர் காலையில் வார்டுக்குப் போகும் முன் பேசுவதென்றால், அந்த நாளின் டேட்டா தொடப்படாமல் முழுதாக இருக்கும். ஆட்கள் அதற்குப் பிறகு வந்து அவர்கள் விருப்பப்படி தீர்த்துக்கொள்ளலாம். மதினி யாருக்கும் இல்லை என்று சொல்ல வேண்டியதில்லை. அதைப் போட்டேன்.

வீட்டில் சொன்னபோது மதினி மட்டும் தலையசைத்தார். அண்ணன் மகன் ஒரு பையில் அப்பாவின் வேட்டிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை கார் வந்து சாலையோரம் நின்றது. ஓட்டுநர் இறங்கிப் பின் இருக்கையில் ஒரு கம்பளியை விரித்தார். அடுப்படியில் டேப்லெட்டைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தோம். அண்ணன் மகன் நிலைப்படியில் பையோடு நின்றான். மதினி அடுப்பை ஊதாமல், புகை வராமல் பார்த்துக்கொண்டார்.

டேப்லெட் ஒலித்தது. மருத்துவர் வீட்டில் இருந்தார், தலை ஈரமாக இருந்தது. கண்ணைப் பார்த்தார். வயிற்றைக் காட்டச் சொன்னார், எங்கே அழுத்தினால் வலிக்கிறது என்று பார்க்க என்னை அழுத்தச் சொன்னார். உள்ளங்கைகளை நீட்டிப் பிடிக்கச் சொல்லி, விரல்கள் நடுங்குகின்றனவா என்று நெடுநேரம் பார்த்தார். அண்ணனிடம் இன்று என்ன கிழமை என்று கேட்டார்.

"வியாழக்கெழமைங்க" என்றார் அண்ணன். பிறகு, யாரும் எதிர்பார்க்காமல், அவரே கேட்டார். "நான் ஒண்ணு கேக்கலாமாங்கம்மா? கீழ வந்தா எனக்கு ஏதாச்சும் தேறுமா?"

"தேறாது ஐயா" என்றார் மருத்துவர். "வலியைக் குறைக்கலாம். அதை அங்க வெச்சே என்னால செய்ய முடியும். இந்த மாதிரி காலையில பார்க்க முடிஞ்சா நீங்க வர வேண்டியதில்லை."

"அப்ப சரிங்க."

மாத்திரையை மாற்றினார். பழையதை நிறுத்தி வேறொன்றைச் சிறிய அளவில் தொடங்கச் சொன்னார். இனி புதன்கிழமைகளிலும் காலையிலேயே பேசுவதாகச் சொன்னார்.

அண்ணன் மகன் பையைக் கீழே வைத்தான். அதிலிருந்து வேட்டிகளை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டு, புது மாத்திரை வாங்க அவன் மட்டும் காரில் ஏறிப் போனான். அண்ணன் தூங்கிவிட்டார். முற்பகல் பஸ்ஸில் மூன்று பேர் வந்து இறங்கினார்கள். மதினி காப்பி போட்டார். ஒருவர் போனை நீட்ட, எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னார்.

அதற்குப் பிறகு அழைப்பு ஒருமுறையும் அறுந்துபோகவில்லை. சாயங்காலமானால் பெட்டி பெரும்பாலும் ஓய்ந்துபோயிருக்கும். மதினியின் தம்பி, "என்ன மச்சான், உங்க நெட்டு மாடு மாதிரி, காலையில மட்டும்தான் கறக்குது" என்றார். அண்ணன் இப்போது சிரிப்பதில்லை. உதடு மட்டும் லேசாக அசைந்தது.

அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இறந்தார். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மதினியும் நானும் பக்கத்தில் இருந்தோம்.

அந்த வாரம் புதன்கிழமை காலையில் டேப்லெட் ஒலித்தபோதுதான் மருத்துவருக்கு யாரும் சொல்லவில்லை என்பது நினைவுக்கு வந்தது. மதினி எடுத்தார். டேப்லெட்டைத் திருப்பி, அண்ணன் படுத்திருந்த இடத்தைக் காட்டினார். தரையைக் கழுவிவிட்டிருந்தோம். ஓரத்தில் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"எப்போம்மா?"

"ஞாயித்துக்கெழமைங்க."

"அங்கதானே இருந்தார்?"

"இங்கனதாங்க. அடுப்படியிலதான்."

"வலி?"

"கடைசியில தூக்கமாத்தான் கெடந்தாரு. மொனகலைங்கம்மா."

மருத்துவர் என்னை அழைக்கச் சொன்னார். "மிச்சம் இருக்கிற வலி மாத்திரையை எண்ணி வைங்க. யார்கிட்டயும் குடுத்துவிடக் கூடாது. வீட்டு ஆள் ஒருத்தர் நேர்ல கொண்டுவந்து திருப்பிக் குடுக்கணும், அது விதி" என்றார்.

மாத்திரைகளை ஒரு உறையில் போட்டு எடுத்துக்கொண்டு, மறுநாள் காலை முதல் பஸ்ஸில் நான் மட்டும் மலையிறங்கினேன்.